தாய்மாமன் கையெழுத்து

மாவட்ட மருத்துவமனையில் லைசன் கபாச்சிக்காவுக்குத் 'திட்டம் சார்' என்று பெயர். வைத்தவர்கள் பாதி மரியாதையிலும் பாதி நக்கலிலும் வைத்தார்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர் சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்களும் ஒரு சின்ன அடிக்கோலும் இருக்கும். "இந்த வருஷம் மழை எப்படி சார்?" என்று யாராவது கேட்டால், "எந்தக் காலாண்டுல?" என்று திருப்பிக் கேட்பார் என்பது அலுவலகத்துக் கேலி.

வேலை கேலிக்குரியதல்ல. மாவட்டத்தின் பதினாறு சுகாதார நிலையங்களிலும் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தவர்களுக்கு எத்தனை டப்பா மாத்திரை, எந்த எடைக்கு எந்த மாத்திரை, எந்த மாதம் எந்த லாரியில் ஏற்றுவது என்று வருஷா வருஷம் திட்டம் போடுகிற ஆள் அவர்தான். மலாவியில் மழைக்காலத்துச் சேற்றைத் தாண்டி ஒரு மாத்திரை ஒரு பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேருவது சும்மா நடக்கிற காரியமா? அதை நடத்திக் காட்டியவர். பக்கத்து மாவட்டங்கள் அவர் அட்டவணைகளை வாங்கி நகல் எடுத்திருக்கின்றன. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது படிவத்தில் ஒரு கட்டம். ஏழாவது கட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன் தலைநகர் லிலோங்வேயில் ஒரு பெரிய கூட்டம். மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொரு தாயின் எல்லாப் பிள்ளைகளையும் தேடிப்பிடித்துச் சோதிக்க வேண்டும் என்பது புதுத் திட்டம். நல்ல திட்டம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் படிவத்தைத் திரையில் காட்டினார்கள். ஏழாவது கட்டத்தில் 'பெற்றோர் கையெழுத்து' என்று இருந்தது. லைசன் எழுந்தார்.

"பெற்றோர்னா யாரைச் சொல்றீங்க? எங்க பக்கத்துல அப்பங்கறவன் பொண்டாட்டி ஊருக்கு வந்து குடியிருக்கற சேவல். இன்னிக்கு இருப்பான், நாளைக்கு வேற கூரையில கூவுவான். பிள்ளை அம்மா வழிப் பிள்ளை. அதுக்குப் பெரியவன் தாய்மாமன். மாமனைக் கேக்காம பிள்ளை விரல்ல ஊசி வச்சுப் பாருங்க, மறுநாள் உங்க சுகாதாரப் பணியாளர் சைக்கிள் அந்த ஊருக்குள்ள நுழையாது."

அறை சிரித்தது, கைதட்டியது. வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி குறிப்பேட்டில் வேகமாக எழுதினாள். மதியச் சாப்பாட்டில் மீன் பொரியலை விட்டுவிட்டு மூன்று பேர் வந்து கைகொடுத்தார்கள். அந்த வாரமே படிவம் மாறியது. முதலில் லைசனின் மாவட்டத்தில் பரீட்சார்த்தமாக, ஏழாவது கட்டத்தில், 'தாய்மாமன் கையெழுத்து'. இந்தக் கதையை அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு முறை சொன்னார்.

சொன்னதில் பொய் இல்லை. லைசனையே படிக்க வைத்தது ஒரு தாய்மாமன்தான். புகையிலை விற்ற காசைத் தன் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காமல் அக்காள் மகனின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியவர். அவர் செத்ததும் குடும்பத்துப் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் லைசன் பொறுப்பில் வந்தார்கள். கல்யாணமோ காய்ச்சலோ சண்டையோ, அவர் வாயைத் திறக்காமல் எதுவும் நடக்காது. ஆனால் ஒன்று. தாய் போட்டாலே சட்டப்படி போதும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து நின்றபோது அதை அவர் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு முந்தைய மாதம்தான் அவருடைய தங்கை எனிஃபா இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சோதனை செய்து, எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தாள். எழுந்து பேசிய நேரத்தில் எனிஃபாவின் ஞாபகமே தனக்கு வரவில்லை என்று லைசன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பலமுறை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது.

எனிஃபாவின் கல்யாணத்தை முடித்துவைத்தது அவர். மாப்பிள்ளை வைட்சன், லைசனின் அலுவலக ஓட்டுநர். வாகனத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாவட்டம் முழுக்கச் சுற்றியவருக்கு வைட்சன் எப்படிப்பட்டவன் என்று தெரியாதா? எந்தச் சந்தையில் வண்டி நின்றாலும் அவனுக்குச் சாப்பாடு போட ஒருத்தி இருந்தாள். லைசனும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார், சிரித்துமிருக்கிறார். 'கல்யாணம் ஆனா அடங்கிடுவான்' என்று எல்லோரும் சொல்வதையே அவரும் சொல்லிக்கொண்டார். நிச்சயத்தன்று ஊர் வழக்கப்படி இரு பக்கத்து மாமன்களும் சேவலும் கோழியும் மாற்றிக்கொண்டபோது, பெண் பக்கத்துக் கோழியைக் கையில் பிடித்துக் கொடுத்தது லைசன்தான். வைட்சன் பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போனான். போனவன் போனவன்தான்.

இளைய பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். கைக்குழந்தைச் சோதனைக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. அவனுக்கு ஒன்றும் இல்லை என்று ஆறாவது வாரமே தெரிந்துவிட்டது. மூத்தவள் சியோனே. அப்போது நாலு வயது. அவளுக்குத்தான் ஏழாவது கட்டம்.

அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டால், பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரு பதில் வரும். இருக்கிறது என்று வந்துவிட்டால், அந்தக் கோழியைப் பிடித்துக் கொடுத்த கையைத்தான் ஊர் பார்க்கும். ஊர் பார்க்காவிட்டாலும் அவர் பார்த்தாக வேண்டும். அதனால் தள்ளிப் போட்டார். 'ஓடறா, விளையாடறா, நல்லாத்தானே இருக்கா' என்று தள்ளிப் போட்டார். 'ஒரு கூட்டம் முடியட்டும்', 'அறுவடை முடியட்டும்' என்று தள்ளிப் போட்டார். அந்த மூன்று வருஷத்தில் அவர் திட்டத்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் நானூறு பேருக்கு மேல் மாத்திரைக்கு வந்திருந்தார்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று யாரோ சொல்லி வைத்ததை நம்பியவர் போல இருந்தார்.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சம்பேரே சுகாதார நிலையத்தில் காலாண்டுக் கூட்டம் நடந்தது. சம்பேரே லைசனின் சொந்தப் பக்கம். எனிஃபாவின் வீடு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஆனால் செவிலியர் ஃபனேசி தெற்கிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. யார் யாருக்கு உறவு என்பது அவளுக்குத் தெரியாது. நாக்கு மட்டும் நல்ல கூர். காத்திருப்போர் கொட்டகையில் ஊர்த்தலைவர்கள், சுகாதாரப் பணியாளர்கள், தாய்மார் குழுவினர் என்று முப்பது பேர் தேநீரும் மாவு உருண்டைப் பலகாரமும் சாப்பிட்டு முடித்ததும், அவள் பட்டியலோடு எழுந்தாள்.

"நாப்பத்தோரு பிள்ளைங்க. அம்மா மாத்திரை சாப்பிடறாங்க, பிள்ளைக்குச் சோதனை இல்ல. எல்லாத்துக்கும் ஏழாவது கட்டம் காலி. பேர் சொல்ல மாட்டேன். நம்பரும் காரணமும் மட்டும் சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒண்ணு, மாமன் தென்னாப்பிரிக்கால. மூணு, மாமன் ஜெயில்ல. நாலும் அஞ்சும் ஒரே வீடு. மாமன் வந்தாரு, படிவத்தை வாங்கினாரு, புகையிலையைச் சுருட்டி அதுலயே புகைச்சிட்டாரு."

கொட்டகை சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. ஒம்பது, மாமனுக்கு வயசே பதினொண்ணு. நேர்ல போய்க் கேட்டோம். பந்து விளையாடிட்டு இருந்த மாமன் எங்களைப் பாத்து ஓடிட்டாரு."

லைசன் பச்சைப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எது வரப்போகிறது என்று தெரிந்ததும் பேனா தானாக நின்றது.

"பதினேழு," என்றாள் ஃபனேசி. "இது கொஞ்சம் ஒசத்தியான கேஸு. மாமன் உயிரோட இருக்காரு. நாட்டுலயே இருக்காரு. மாவட்டத் தலைநகர்ல ஏதோ கவர்மெண்ட் வேலையாம், டையெல்லாம் கட்டுவாராம். மூணு தடவை போன் போட்டோம். மூணு தடவையும் 'அடுத்த வாரம் வரேன்'. எந்த வருஷத்து அடுத்த வாரம்னுதான் தெரியல."

பின் வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "டை கட்டினா கை தூக்க முடியாதுபோல!" என்றாள்.

"சேவல் தேவலாம்டி. விடிஞ்சாலாவது கூவும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். லைசனும் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பு தன் வாயிலிருந்து வெளியே போவதை அவரே கேட்டார். தூ, என்ன மனுஷன் நான் என்று தோன்றியது. ஆனாலும் சிரிப்பு பாதியில் நின்றால் யாராவது கவனிப்பார்கள் என்று முழுசாகச் சிரித்து முடித்தார்.

"பிலேமோனி, அந்த ஆள் நம்பரைக் குடுப்பா," என்றாள் ஃபனேசி. "இப்பவே ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்போம். திட்டம் சாரும் இங்கதானே இருக்காரு, அவரே நாலு வார்த்தை நல்லாக் கேக்கட்டும்."

பிலேமோனி அந்த ஊர் சுகாதாரப் பணியாளர். மூன்று தடவை போன் போட்டவன். லைசனுடன் ஒன்றாம் வகுப்பு படித்தவன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "டவர் இல்லீங்க சிஸ்டர்," என்றான்.

டவர் சுகாதார நிலையத்துக்குப் பின்னாலேயே, கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தது. ஃபனேசி அதைப் பார்த்தாள், பிலேமோனியைப் பார்த்தாள், பட்டியலுக்குத் திரும்பினாள். "பதினெட்டு," என்றாள். மீதிப் பட்டியல் லைசனின் காதில் விழவில்லை. அவள் திட்டியது அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. பிலேமோனி காப்பாற்றியதுதான் வலித்தது.

கூட்டம் இரண்டு மணிக்கு முடிந்தது. லைசன் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பிலேமோனி ஜன்னல் பக்கம் வந்தான்.

"சார்." ஒன்றாம் வகுப்பில் 'டேய்' என்று கூப்பிட்டவன். "பதினேழுக்கு ஒரு மாசமா இருமல். பள்ளிக்கூடம் போறதில்ல."

"திங்கக்கிழமை வரேன் பிலேமோனி. கட்டாயமா."

"சரிங்க சார்."

நம்பினேன் என்றும் அவன் காட்டவில்லை, நம்பவில்லை என்றும் காட்டவில்லை. அந்த 'சரிங்க சார்' வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கூட வந்தது. ஊருக்குத் திரும்புகிற மண்பாதை வந்தபோது லைசன் வலது பக்கம் தலையைத் திருப்பவில்லை. புது ஓட்டுநருக்கு அது அவர் ஊர் என்று தெரியாது. வண்டி நேராகப் போனது.

பாதையைத் தாண்டி அடிகுழாய். அங்கிருந்து ஒரு சின்னப் பெண் தலையில் சின்ன வாளியோடு சாலையோரமாக வந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது இருக்கும். யார் வீட்டுப் பிள்ளையோ, இந்தச் சின்னதைத் தண்ணிக்கு அனுப்பியிருக்கிறார்களே என்று லைசன் நினைத்தார். அரசாங்க வண்டியைப் பார்த்ததும் அவள் வாளியை இறக்கி வைத்தாள், பெரியவர்களைக் கண்டால் பெண் பிள்ளைகள் செய்வதுபோல் முழங்காலிட்டாள், கையைத் தட்டிக் கும்பிட்டாள்.

"மாமா!" என்று கத்தினாள்.

வண்டி அவளைத் தாண்டிவிட்டது. லைசன் திரும்பிப் பார்த்தார். தன் தங்கை மகளைத் தனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

"நிறுத்து," என்றார். "பின்னால எடு."

எனிஃபா வீட்டு முன்னால் உட்கார்ந்து நிலக்கடலைச் செடியிலிருந்து கடலை பறித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வண்டியிலிருந்து இறங்குவதையும், பின்னால் சியோனே இறங்குவதையும், ஓட்டுநர் தண்ணீர் வாளியோடு இறங்குவதையும் பார்த்து எழுந்தாள்.

"வாங்கண்ணா. பாய் எடுத்துட்டு வரேன்."

"பாய் வேணாம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும். சம்பேரேக்கு. இப்பவே."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்றும் கேட்கவில்லை. சியோனேயின் முகத்தையும் காலையும் கழுவினாள், நல்ல சட்டை மாட்டினாள், சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதில் சியோனேயின் உடல்நலப் புத்தகம் இருந்தது. புத்தகத்துக்குள், பிலேமோனி மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்த படிவம் மடிப்புக் கலையாமல் இருந்தது. எனிஃபாவுக்கு அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. லைசன் அதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். அக்கம்பக்கத்தார் நாலு பேர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று நினைக்கப் பார்த்தார், முடியவில்லை, முகம் எரிந்தது.

ஃபனேசி அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், ஏதாவது மறந்துட்டீங்களா?"

"பதினேழு," என்றார் லைசன்.

அவள் எனிஃபாவையும் பிள்ளையையும் பார்த்தாள். "ஓ, கூட்டிட்டு வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. அந்த மாமன் எங்க?"

"நான்தான்."

ஃபனேசி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று ஒரு கணம் லைசன் எதிர்பார்த்தார். கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ நான் சொன்னதெல்லாம் கேட்டீங்க."

"கேட்டேன்."

"சிரிச்சீங்களே சார்."

"சிரிச்சேன்."

"சரி. உக்காருங்க," என்றாள். அவ்வளவுதான். படிவத்தை வாங்கி ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தாள். லைசன் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம் போட முடியாத கையெழுத்துக்கு மூன்று நொடிதான் ஆனது.

சியோனே தராசில் ஏறினாள். "பதினஞ்சே முக்கால்," என்று ஃபனேசி படித்தாள். "வயசு?"

"ஏழு," என்றாள் எனிஃபா.

"உங்க அட்டவணையில ஏழு வயசுன்னா எத்தனை கிலோ சார்?"

"இருபத்திரண்டு," என்றார் லைசன். அந்த அட்டவணை அவருக்குத் தலைகீழாகத் தெரியும். அதை வைத்துத்தான் மாவட்டத்துக்கே மாத்திரை கணக்குப் போட்டார். ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு முழு மாத்திரை, விழுங்குகிற மாத்திரை என்று எழுதியிருந்தார். இவளுக்கு இன்னும் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கிற, தண்ணீரில் கரைக்கிற மாத்திரைதான் பொருந்தும்.

விரலில் ஊசி வைத்தபோது சியோனே அழவில்லை. ரத்தப் பொட்டை ஆர்வமாகப் பார்த்தாள். இருமினாள். பதினைந்து நிமிஷம் காத்திருந்தார்கள். பிறகு ஃபனேசி இரண்டாவது கருவியையும் எடுத்தாள்; அப்போதே லைசனுக்குப் புரிந்துவிட்டது. முதலாவதில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவதற்கு வேலையே இல்லை. அந்த விதியை நூறு தடவை பயிற்சி வகுப்பில் சொன்னவர் அவர்.

சியோனேயை வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு ஃபனேசி முடிவை மெதுவாகச் சொன்னாள். எனிஃபா தலையாட்டினாள். அழவில்லை. "இன்னிக்கே ஆரம்பிச்சிடலாமா சிஸ்டர்? இருமலுக்கும் பாத்துடுங்க," என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு இது செய்தியே இல்லை. மூன்று வருஷமாக மகளைத் தூங்கவைத்தவளுக்குத் தெரியாதா?

லைசனால்தான் தாங்க முடியவில்லை. "ஏன் எனிஃபா? ஆபீசுக்கு வந்து என் சட்டையைப் பிடிச்சிருக்கலாமே. ஊர்ல சொல்லி அசிங்கப்படுத்தியிருக்கலாமே. ஒரு தடவைகூட வரலையே நீ."

எனிஃபா ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு உங்க சட்டையைப் பிடிக்கவே தேவையில்ல சார்," என்றாள் ஃபனேசி. "மத்த அம்மாங்க என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? உங்க நானூறு பிள்ளைங்க எப்படி வந்தாங்கன்னு நினைச்சீங்க? முக்காவாசிப் படிவத்துல ஏழாவது கட்டத்தைத் திறந்து பாருங்க. 'மாமன் இறந்துவிட்டார்'னு இருக்கும். மாமன் செத்துட்டா அம்மா போடலாம்ல, அதனால. எனக்கு முன்னால இருந்த செவிலியும் அப்படித்தான் எழுதியிருக்காங்க, நானும் அப்படித்தான் எழுதறேன். இந்த வட்டாரத்துல செத்துப்போன மாமனுங்க சந்தையில பீர் குடிச்சிட்டு இருக்கறதை நானே பாத்திருக்கேன்."

லைசன் அவளையே பார்த்தார்.

"போன மாசம் இவங்ககிட்டயும் சொன்னேன். 'அம்மா, அண்ணன் இல்லன்னு எழுதிக்கறேன், நீ போட்டுடு, பிள்ளை வாடுது'ன்னு. கெஞ்சினேன் சார். மாட்டேன்னுட்டாங்க. ஏன்னும் சொல்லல."

ஏழாவது கட்டத்தால் பெயர் வாங்கியவருக்கு, அந்தக் கட்டம் வேலை செய்ததே தாய்மார் சொன்ன பொய்யினால்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கைதட்டியவர்கள், கைகொடுத்தவர்கள் எல்லோர் முகமும் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

"இன்னியிலருந்து அம்மாவே போடட்டும்," என்றார். "மீதி நாப்பது பேருக்கும். எழுத்துல அனுப்பிடறேன். லிலோங்வேயில நானே போய்ப் பேசறேன்."

"அனுப்பறதெல்லாம் வேணாம், இப்பவே எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை ஆச்சுன்னா நீங்க மறுபடியும் திட்டம் சார் ஆயிடுவீங்க."

வருகைத்தாளின் பின்பக்கத்தில் எழுதினார். நீல மையில், நாலு வரி, கீழே கையெழுத்து, தேதி. ஃபனேசி அதைச் சுவரில் ஒட்டினாள். ஒட்டியதைப் பார்த்தபோது லைசனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தப்பு செய்தேன், திருத்தியும் விட்டேன் என்ற நினைப்பு, கொஞ்சம் பெருமைக்குக்கூடக் கிட்டத்தில் போய்விட்டது. பழக்கதோஷம்.

சியோனே உள்ளே வந்து அவர் பக்கத்தில் நின்று, அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஃபனேசி மாத்திரைகளை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "இனிக்குது மாமா," என்றாள் சியோனே.

சிகிச்சைக்குத் தனிப் படிவம். அதிலும் ஏழாவது கட்டம் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் அச்சடித்திருந்தார்கள். ஃபனேசி பழக்கத்தில் பேனாவை லைசனிடம் நீட்டினாள். அவர் அதைத் தங்கையின் பக்கம் தள்ளினார்.

"எனிஃபா போடட்டும்," என்றார். மனம் லேசாகியிருந்ததால் ஒரு வேடிக்கையும் வாயில் வந்துவிட்டது. "எனக்கு நேரா மாமன் செத்துட்டான்னே எழுதிக்கோங்க சிஸ்டர்."

"வாயை மூடுண்ணா."

எனிஃபா வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. லைசன் திரும்பினார். அவள் கண் நிறைந்திருந்தது. சோதனை முடிவுக்கு வராத கண்ணீர் இப்போது வந்திருந்தது.

"எல்லாரும் சொன்னாங்க. ஒரு வார்த்தைதான், சொல்லிட்டுப் போயேன்னு. நர்ஸம்மா சொன்னாங்க, பிலேமோனி சொன்னான். உயிரோட இருக்கற அண்ணனைச் செத்தவன்னு எப்படிச் சொல்றது? என் வாயில வரல. மூணு வருஷம் ஒவ்வொரு நாளும் வருவ வருவன்னு பாத்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா என் பொண்ணு இன்னிக்கு இருபத்திரண்டு கிலோ இருப்பா. நான் சொல்லல. நீ சிரிச்சிக்கிட்டே சொல்ற."

ஃபனேசி வேறு பக்கம் திரும்பி அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தாள். எனிஃபா இடுப்பில் சுற்றியிருந்த துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, நாலாம் வகுப்போடு நின்றுபோன எழுத்தில் தன் பெயரை மெல்ல எழுதினாள். லைசனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெளியே போய்விடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சியோனே அவர் விரலை விடவில்லை.